வெயிலூர் வீட்டுக் கணினிக்கு எஸ்எஸ்டியா, ஹார்ட் டிஸ்க்கா?

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா இருக்கு, புதுசா ஒண்ணு வாங்கிடலாமா?" என்று யோசிக்கிறவர்கள் பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் சி டிரைவ் இருக்கும் டிஸ்க்கைப் பாருங்கள். எச்டிடி, அதாவது ஹார்ட் டிஸ்க், என்று போட்டிருந்து, ஆக்டிவ் டைம் 100 சதவீதத்தில் நிற்க, படிக்கும் வேகமோ ஒன்றிரண்டு எம்பியில் தவழ்ந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. பிராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் மூச்சு வாங்குகிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். விண்டோஸ் இருக்கும் டிரைவ், தட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவல் வைக்கும் எஸ்எஸ்டியாகத்தான் இருக்க வேண்டும், இதில் இரண்டு பேச்சில்லை. எந்த எஸ்எஸ்டி, எவ்வளவு கொடுத்து, பழைய ஹார்ட் டிஸ்க்குக்கு இனி வீட்டில் என்ன வேலை என்பதில்தான் பேச நிறைய இருக்கிறது. கடையில் அதிக விலைக்குத் தள்ளிவிடப்படுவதும், மலிவில் ஏமாறுவதும் அந்த இடத்தில்தான்.

டப்பாவில் போட்டிருக்கும் வேகம்

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி. தேடும் தகவல், அதைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, 4.2 மில்லி விநாடி. அதற்கு முன் தலை சரியான வளையத்துக்கு நகர இன்னொரு 9 மில்லி விநாடி. ஒரு துண்டுக்கு 13 ஆயிற்று. விநாடிக்கு 75 துண்டுக்கு மேல் எடுத்துத் தர முடியாது. பழைய லேப்டாப்பில் இருக்கும் 5,400 சுற்று டிஸ்க் இன்னும் மந்தம்.

விண்டோஸ் எழுந்து வரும்போது படிப்பதெல்லாம் இப்படிச் சில்லறைத் துண்டுகள்தான். 20,000 துண்டு என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்க்கில் நாலரை நிமிடம். விண்டோஸ் முன்கூட்டியே வரிசைப்படுத்திப் படிப்பதால் அது பாதியாகலாம். அப்போதும் காபி போட்டு எடுத்து வந்துவிடலாம். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்குத் தட்டும் இல்லை, நகர்வதற்குத் தலையும் இல்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லி விநாடி, அல்லது அதற்கும் குறைவு. அதே வேலை இரண்டு விநாடி.

இதை மனதில் வைத்துக்கொண்டு டப்பாவைப் பாருங்கள். சாட்டா (பழைய இணைப்பு முறை) எஸ்எஸ்டியில் 550 எம்பி என்றும், என்விஎம்இ (புதிய, வேகமான இணைப்பு முறை) மூன்றாம் தலைமுறையில் 3,500 என்றும், நான்காம் தலைமுறையில் 7,000 என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அது பெரிய கோப்பை ஒரே ஓட்டமாகப் படிக்கும் வேகம். சில்லறைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும்போது ஹார்ட் டிஸ்க் தருவது விநாடிக்கு 0.3 எம்பி, சாட்டா எஸ்எஸ்டி 30 முதல் 40, என்விஎம்இ 50 முதல் 80. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு ஏறுவது நூறு மடங்கு. சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு ஏறுவது இரண்டு மடங்கு. அந்த இரண்டாவது ஏற்றத்தை வீட்டில் பிரவுசரும் வேர்டும் திறக்கிறவர்கள் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம். 7,000 எம்பி டிஸ்க்கில் படத்தை ஏற்றினாலும், அது வருவது 30 எம்பி பென் டிரைவிலிருந்து என்றால் 4 ஜிபிக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகத்தான் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. ரேம் 4 ஜிபிதான் என்றால், எஸ்எஸ்டி போட்டபின்னும் குரோமில் பத்து டேப் திறந்தால் திணறல் தெரியும். டிஸ்க்கோடு சேர்த்து 8 ஜிபி ஆக்கிவிடுவது நல்லது. ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முதலில் எஸ்எஸ்டி.

உங்கள் பெட்டிக்குள் எது நுழையும்

வாங்கிக்கொண்டு வந்தபின் திருப்பிக் கொடுக்கப் போகும் கேஸ்களில் பெரும்பாலும் தவறு இங்கேதான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்: 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் கொண்ட சூயிங்கம் பட்டை மாதிரியான பலகை. அந்த வடிவத்திலேயே சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. சில மதர்போர்டின் எம்.2 துளை இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும். பட்டையில் வெட்டு இரண்டா ஒன்றா என்று பார்த்து முடிவுக்கு வருவது பாதி நேரம்தான் சரியாக இருக்கும். மதர்போர்டின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு அதன் கையேட்டைப் பார்ப்பதே வழி. கையேட்டில் இன்னொரு வரியையும் தேடுங்கள்: எம்.2 துளையில் சாட்டா பட்டை போட்டால் இந்த எண் சாட்டா போர்ட் வேலை செய்யாது என்று பல போர்டுகளில் இருக்கும். அதைப் படிக்காமல் போட்டுவிட்டு, பழைய ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது என்று பயப்படுவார்கள். கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றினால் உயிர் வந்துவிடும்.

இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைக்கான எச்61 போர்டுகள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் பொதுவாக எம்.2 கிடையாது. அந்தச் சிப்செட்டின் சாட்டாவும் பழைய 3 ஜிகாபிட் வகை. அதனால் 550 எம்பி எஸ்எஸ்டி 270, 280-இல் நிற்கும். கவலையே வேண்டாம், மேலே சொன்ன சில்லறைத் துண்டு வேகம் இதில் அடிபடாது. எச்81 போர்டில் இரண்டு போர்ட் 6 ஜிகாபிட், இரண்டு 3 ஜிகாபிட். எஸ்எஸ்டியை வேகமான போர்ட்டில் செருகுங்கள். எது என்று பலகையிலேயே பொடி எழுத்தில் இருக்கும். பழைய போர்டில் கார்டு வழியாக என்விஎம்இ போட்டால் விண்டோஸுக்குள் தெரியும், ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது. 'எல்லாம் பண்ணிடலாம் சார்' என்று யாராவது சொன்னால் பூட் ஆகிக் காட்டச் சொல்லுங்கள்.

லேப்டாப்பில் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதே இடத்தில் 7 மி.மீ. சாட்டா எஸ்எஸ்டி கச்சிதமாக உட்காரும். டிவிடி டிரைவ் உள்ள பழைய மாடல் என்றால் அதைக் கழற்றிவிட்டு, கேடி என்னும் சட்டத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை அங்கே வைக்கலாம். 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று கேடி இரண்டு கனத்தில் வரும்; அளந்து வாங்குங்கள்.

என்விஎம்இ துளை இருக்கிறது, விலையும் சாட்டாவுக்குச் சமம் என்றால் என்விஎம்இயே வாங்குங்கள். நான்காம் தலைமுறைப் பட்டையை மூன்றாம் தலைமுறைத் துளையில் போட்டால் மூன்றாம் தலைமுறை வேகத்தில் ஓடும், கெடாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

டிஎல்சி, க்யூஎல்சி: மலிவின் ரகசியம்

எஸ்எஸ்டியின் ஒரு செல்லில் மூன்று பிட் எழுதினால் டிஎல்சி, நான்கு பிட் என்றால் க்யூஎல்சி. நான்கு பிட்டில் அதே சில்லில் அதிகம் அடைக்கலாம், விலை குறையும். எழுதும் வேகமும் ஆயுளும் சேர்ந்தே குறையும். இது முதல் நாளில் தெரியாது. காரணம் கேஷ் என்னும் தற்காலிக எழுதுமிடம். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் லாரி மூட்டைகளை முதலில் வாசலில் மளமளவென்று இறக்கிவிட்டு, பிறகு நிதானமாக உள்ளே அடுக்குவது போல, எஸ்எஸ்டியும் முதலில் ஒரு பகுதியில் செல்லுக்கு ஒரு பிட்டாக அவசரமாக எழுதிவிட்டுப் பிறகு உள்ளே தள்ளும். வாசல் நிறைந்துவிட்டால்? சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபி டிஸ்க்கில் அந்த வாசல் அதிகபட்சம் 42 ஜிபி. அதற்கு மேல் எழுதும் வேகம் விநாடிக்கு 80 எம்பி. ஒரு நல்ல ஹார்ட் டிஸ்க் இதைவிட வேகமாக எழுதும். இதை சாம்சங்கே தன் விவரத்தாளில் போட்டிருக்கிறது. எல்லா நிறுவனமும் போடுவதில்லை.

டிஸ்க் நிறைய நிறைய வாசலும் சுருங்கும் மாடல்கள் ஏராளம். எந்த எஸ்எஸ்டியிலும் 10 முதல் 15 சதவீத இடத்தைக் காலியாக விடச் சொல்வது இதனால்தான்.

ஆக, ஒரே மூச்சில் 100 ஜிபி கொட்டும் வீடியோ வேலை இல்லாத வீட்டுக்கு க்யூஎல்சி பாவமில்லை. ஆனால் டிஎல்சிக்கும் அதற்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் டிஎல்சி. டப்பாவில் இந்த வார்த்தையே இல்லாத டிஸ்க்கைச் சந்தேகத்தோடு பாருங்கள். பெயரும் முழு உத்தரவாதம் இல்லை: க்ரூஷியல் பி2 என்ற மாடல் 2020-இல் டிஎல்சியாக வந்து, 2021-இல் அதே பெயரிலேயே க்யூஎல்சியாக மாறியது. பழைய விமர்சனத்தைப் படித்துவிட்டு இன்று வாங்குகிறவர் வேறு பொருளை வாங்குகிறார்.

டிரேம் (எஸ்எஸ்டியின் சொந்த நினைவகச் சில்லு) இல்லாத எஸ்எஸ்டி கூடாது என்று இன்னொரு பயமுறுத்தல் உண்டு. சாட்டாவில் அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. என்விஎம்இயில் கணினியின் ரேமிலேயே சில பத்து எம்பியைக் கடன் வாங்கிச் சமாளிக்கும் வசதி இருப்பதால் வீட்டு வேலைக்கு அது பெரிய குறையில்லை.

எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் என்ற பயத்துக்கும் கணக்கு இருக்கிறது. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு உத்தரவாதம் 5 ஆண்டு அல்லது 300 டிபி எழுத்து, எது முதலோ அது. வீட்டில் தினம் 20 ஜிபி எழுதினால் ஆண்டுக்கு 7.3 டிபி. 300 தீர 41 ஆண்டு. அதற்குள் அந்த சாட்டா போர்ட்டே பொருட்காட்சிக்குப் போயிருக்கும். ஆயுளைக் கூட்டுகிறேன் என்று பேஜ் ஃபைலை அணைப்பது, டெம்ப் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவது எல்லாம் வேண்டாத வேலை; எஸ்எஸ்டி வாங்கிய பயனே போய்விடும்.

வெயிலும் கரண்டும்

வேலூரை வெயிலூர் என்பது சும்மா இல்லை. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், மாடி வீட்டில் கான்கிரீட் தளத்துக்குக் கீழே இருக்கும் அறை பிற்பகலில் 37, 38-இல் இருக்கும். கேபினட்டுக்குள் ஹார்ட் டிஸ்க் அறையைவிட 10 முதல் 15 டிகிரி அதிகமாக ஓடும். அப்படியென்றால் 50-ஐத் தாண்டலாம். வீட்டு டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர் கொடுக்கும் உச்சவரம்பு பொதுவாக 60. வரம்புக்குள்தான், ஆனால் இரண்டு மாதம் அந்த விளிம்பிலேயே ஓட்டுவது நல்லதில்லை. முன்பக்கம் ஒரு 120 மி.மீ. ஃபேன், டிஸ்க்குகளுக்கு நடுவில் ஒரு இடம் காலி, கேபினட் மேசை அலமாரிக்குள் அடைபடாமல் வெளியில்: இது போதும், 45-க்குக் கீழே இறங்கிவிடும். பாலாற்றுப் பக்கக் காற்றோடு வரும் தூசுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்வலையைத் தட்டிவிட வேண்டும்.

2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி சூட்டைப் பற்றிக் கவலைப்படாது. என்விஎம்இ படும். அதன் கன்ட்ரோலர் 80 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதர்போர்டோடு வரும் அலுமினியத் தகட்டை மேலே போட்டால் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்தத் தகட்டின் அடியில் இருக்கும் பஞ்சு போன்ற பட்டைக்கு மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் மாட்டினால் தகடு இருந்தும் பயன் அரைகுறைதான். சர்வீஸுக்கு வரும் பெட்டிகளில் அந்தத் தாள் அப்படியே இருப்பது சகஜம். எஸ்எஸ்டி மேல் இருக்கும் ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீர்கள், வாரன்டி அதில்தான் இருக்கிறது.

சூட்டுக்கு இன்னொரு பக்கம் உண்டு, அதைக் கடைகளில் சொல்வதில்லை. எஸ்எஸ்டியில் தகவல் என்பது செல்லில் அடைத்து வைத்த மின்னூட்டம். சில்லுத் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் விதிப்படி, வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் எழுத்து ஆயுள் முழுவதும் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓர் ஆண்டு தகவலைக் காப்பாற்றினால் போதும். புது டிஸ்க் இதைவிட வெகுகாலம் தாங்கும். ஆனால் வைக்கும் இடம் சூடாக ஆக அந்தக் காலம் குறையும். இந்த ஊர் பீரோ மே மாதத்தில் 30-க்கு வெகு மேலே. ஆகவே கல்யாண ஆல்பத்தையும் குழந்தை வீடியோவையும் எஸ்எஸ்டியில் போட்டுப் பூட்டி, நாலு வருஷம் மறந்துவிடுவது சரியில்லை. அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான் இன்னும் நம்பகம்.

கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் முன்கூட்டியே தெரியும், அது சிக்கலில்லை. கோடை மழைக் காற்றில் திடீரென்று போய், வந்து, மறுபடி போவதுதான் ஆபத்து. ஹார்ட் டிஸ்க், தட்டு சுற்றும் மிச்ச வேகத்திலேயே மின்சாரம் எடுத்துத் தலையை ஓரங்கட்டிக்கொள்ளும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அது ஒரு அவசர பிரேக். எஸ்எஸ்டியில் அசையும் பாகம் இல்லை, ஆனால் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் நிற்கும். வீட்டு ரக எஸ்எஸ்டிகளில் அந்த நொடியைத் தாங்கும் கெபாசிட்டர் வரிசை இருப்பதில்லை. கோப்பு கெடலாம், அரிதாக டிஸ்க்கே மறுநாள் தெரியாமல் போகலாம். எந்த டிஸ்க் ஆனாலும் டெஸ்க்டாப்புக்கு 600 விஏ யூபிஎஸ் ஒன்று கட்டாயம். வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால், பின்னால் இருக்கும் சுவிட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் மாறும் இடைவெளி நீளம், கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

ஹார்ட் டிஸ்க் எதற்கு மிச்சம்

1 டிபிக்குக் கீழே புது ஹார்ட் டிஸ்க் வாங்காதீர்கள். மோட்டார், தலை, உலோக உறை இவற்றின் அடக்கம் 500 ஜிபிக்கும் 2 டிபிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் சின்ன ஹார்ட் டிஸ்க் ஒருபோதும் மலிவாகாது. 4 டிபி, 8 டிபி என்று போகும்போதுதான் ஜிபிக்கு இவ்வளவு என்ற கணக்கில் எஸ்எஸ்டியைத் தூக்கி எறிகிறது. ஃபிளாஷ் சில்லு விலை தங்கம் மாதிரி ஏறி இறங்கும். ஆகையால் எந்தப் பட்டியலையும் நம்பாமல், வாங்கும் நாளில் விலையை ஜிபியால் வகுத்துப் பாருங்கள். 1 டிபி என்பது விண்டோஸில் 931 ஜிபி என்றும், 500 என்பது 465 என்றும் தெரியும். அது மோசடி இல்லை, எண்ணும் முறை வேறு.

வாங்குமுன் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்று கேளுங்கள். சிஎம்ஆரில் தகவல் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி ஒன்றன் மேல் ஒன்று பாதி ஏறி உட்கார்ந்திருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே இருக்கும் ஓடுகளையும் கழற்றி மறுபடி அடுக்க வேண்டும். அதனால் ஒரே ஓட்டமாக எழுதி வைத்துவிட்டுப் படிப்பதற்குப் பரவாயில்லை. அடிக்கடி மாற்றி எழுதினால் வேகம் தரைதட்டும். சீகேட் பாராகுடா 2 டிபியில் எஸ்டி2000டிஎம்008 மாடல் எஸ்எம்ஆர். டபிள்யூடி ப்ளூ 1 டிபியில் டபிள்யூடி10இஇசட்இஎக்ஸ் சிஎம்ஆர். டப்பாவின் நிறத்தைப் பார்த்துத் தெரியாது, மாடல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். படம், பாட்டு, போட்டோ சேமிப்புக்கு எஸ்எம்ஆர் போதும். விண்டோஸை அதில் போடுவது தண்டனை.

கடைக்கும் வீட்டுக்கும் பொதுவான கேமரா டிவிஆர் என்றால் பேச்சே இல்லை: டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு ரக ஹார்ட் டிஸ்க். இராப்பகலாக எழுதி, அழித்து, மறுபடி எழுதும் வேலைக்கு மலிவு எஸ்எஸ்டியைப் போட்டால் மேலே போட்ட 41 ஆண்டுக் கணக்கு சில ஆண்டாகச் சுருங்கும்.

மாட்டும்போது

விண்டோஸ் 11 ஓடும் லேப்டாப் என்றால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவதற்கு முன், டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இயங்கினால் 48 இலக்க ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இதை விட்டுவிட்டுப் பழைய டிஸ்க்கை வேறு மெஷினில் செருகிப் போட்டோக்களைத் தேடுகிறவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார்கள்.

பழையதை அப்படியே நகல் எடுப்பதா, புதிதாக விண்டோஸ் போடுவதா? பழைய விண்டோஸ் குப்பையாகியிருந்தால் புதிதாகப் போடுவதே மேல். டாலி, லைசென்ஸ் மென்பொருள், பிரின்டர் அமைப்பு என்று நிறைய இருந்தால் நகல். டபிள்யூடி, க்ரூஷியல் இரண்டும் தங்கள் டிஸ்க்குக்கு அக்ரோனிஸ் இலவசமாகத் தருகின்றன. சாம்சங்குக்குச் சொந்த மென்பொருள் இருக்கிறது. எதுவும் இல்லாவிட்டால் க்ளோன்சில்லா, இலவசம், ஆனால் திரை முழுக்க எழுத்துதான். க்ளோன்சில்லா பெரியதிலிருந்து சிறியதற்கு எளிதில் மாற்றாது. 1 டிபி ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு என்றால், முதலில் தகவலைக் குறைத்து, பார்ட்டிஷனைச் சுருக்கிக்கொள்ள வேண்டும். டிஸ்க்கில் கெட்ட செக்டர்கள் ஏற்கெனவே இருந்தால் நகல் பாதியில் நிற்கும். அப்போது கோப்புகளை மட்டும் காப்பாற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

புதிதாகப் போடுவதென்றால் 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று, மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல். மெஷினை அணைத்து, பவர் கேபிளை உருவி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். எம்.2 பட்டையைச் சுமார் 30 டிகிரி சாய்வில் செருகி, கீழே அழுத்தி, திருகை மாட்டுங்கள். அந்தப் பொடித் திருகு மதர்போர்டு டப்பாவில் இருந்திருக்கும், டப்பா எப்போதோ பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். வாங்கும்போதே கடைக்காரரிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2.5 அங்குல எஸ்எஸ்டிக்குச் சட்டம் இல்லாவிட்டால் ஒரு பக்கம் இரண்டு திருகு போதும், அதிர்வே கிடையாது. எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளையில் சாட்டா பவர் பின் இல்லை என்று பழைய நான்கு பின் வயரிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டர் வாங்கினால், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் நெருங்கி ஷார்ட் ஆகி உருகுவது அந்த வகைதான். தனித்தனி கம்பி தெரியும்படி கவ்விய வகை பாதுகாப்பு.

இப்போது முக்கியமான இடம். விண்டோஸ் போடும் நேரத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி வையுங்கள். இரண்டும் இணைந்திருந்தால், விண்டோஸை எஸ்எஸ்டியில் போட்டுவிட்டு, அதை எழுப்பும் சின்னப் பூட் பார்ட்டிஷனைப் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டுவிடும் பழக்கம் இன்ஸ்டாலருக்கு உண்டு. அன்றைக்கு எல்லாம் சரியாக ஓடும். ஆறு மாதம் கழித்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால், அல்லது அது செத்தால், நல்ல எஸ்எஸ்டி இருந்தும் கணினி எழுந்திருக்காது.

இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பதறாதீர்கள். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான லேப்டாப்புகளில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கினால் இப்படி ஆகும். லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து ஐஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுத்தால் தெரியும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடும் மெஷினில் பயாஸில் போய் இந்த மோடை மாற்றிவிடாதீர்கள். அடுத்த பூட்டில் நீலத் திரைதான் வரும்.

விண்டோஸ் எழுந்ததும் ஹார்ட் டிஸ்க்கை மீண்டும் இணைத்து, டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களின் ப்ராப்பர்ட்டீஸில் லொகேஷனை அதற்கு மாற்றிவிடுங்கள். எஸ்எஸ்டிக்குத் தனியாக டிஃப்ராக் மென்பொருள் வேண்டாம். விண்டோஸே வாரம் ஒருமுறை டிரிம் (அழித்த கோப்புகளின் இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்வது) செய்துகொள்ளும்.

சாகும் விதம்

ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சொல்லிவிட்டுச் சாகும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கெட்ட செக்டர்களைச் சொல்லும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். எண்கள் பதினாறின் அடிப்படையில் தெரியும். அமைப்பில் போய்ப் பத்தின் அடிப்படைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 05-இல் சிறு எண் வந்து அங்கேயே நின்றால் கவனித்தால் போதும். சி5 வாரா வாரம் ஏறினால் அன்றே நகல் எடுங்கள். சி7 ஏறினால் டிஸ்க்கைக் குறை சொல்லாமல் கேபிளை மாற்றுங்கள். டிக் டிக் என்று சத்தம் வந்தால் உடனே பவரை நிறுத்துங்கள். அந்த நிலையில் செக் டிஸ்க் ஓட்டுவது மிச்சமிருப்பதையும் அரைத்துவிடும். ஃப்ரிஜ்ஜில் வைத்தால் சரியாகும் என்பது கட்டுக்கதை, ஈரம் கோத்துக்கொள்ளும்.

எஸ்எஸ்டி சொல்லாமல் போகும். நேற்று இருந்தது, இன்று பயாஸிலேயே தெரியாது. டிரிம் வேலை செய்வதால் அழித்த கோப்பை மீட்பதும் ஹார்ட் டிஸ்க்கைப் போல எளிதில்லை. எனவே எஸ்எஸ்டிக்கு மாறியவர்களுக்குத்தான் நகல் இன்னும் அவசியம். மென்பொருள் பிழையும் ஒரு காரணம்: 2023-இல் சாம்சங் 990 ப்ரோவின் ஆயுள் சதவீதம் காரணமில்லாமல் வேகமாகக் குறைவதாகப் புகார் வந்து, ஃபர்ம்வேர் அப்டேட்டில் சரி செய்தார்கள். மாட்டிய அன்றே தயாரிப்பாளரின் மென்பொருளில் ஃபர்ம்வேரைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை.

யாருக்கு எது

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் படிக்கும் வீடு: 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றே போதும். 240, 256 ஜிபி முதலில் மலிவாகத் தெரியும். விண்டோஸும் அப்டேட்டும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து ஓராண்டில் இடம் தீர்ந்ததென்று சிவப்புப் பட்டையைக் காட்டிவிடும்.

ஆம்பூர், குடியாத்தம் பக்கம் வீட்டிலிருந்தே கணக்கு, பில்லிங் பார்க்கிறவர்கள்: டாலி சிறு சிறு கோப்புகளை ஓயாமல் தொடும் மென்பொருள், எஸ்எஸ்டியின் பயன் இதில்தான் அதிகம் தெரியும். டிஎல்சி, 5 ஆண்டு வாரன்டி, தினம் மாலை ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு பேக்கப்.

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள்: ஓடும் வேலை டிஎல்சி என்விஎம்இ 1 டிபியில், முடிந்த வேலை இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில். இரண்டும் ஒரே மேசையில் இருக்கக் கூடாது.

நான்காம் தலைமுறை ஐ3 போன்ற பழைய மெஷின்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. அதற்காக எஸ்எஸ்டி வீணில்லை; லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டலாம், நாளை புது மெஷினுக்கும் அதே டிஸ்க் போகும்.

வாங்கும் இடம்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு என்ற இரண்டு கணினிச் சந்தைகளுக்கும் நடுவில் இருக்கும் ஊர் இது. காட்பாடியில் ரயிலேறினால் சென்னை இரண்டு மணி நேரம். ஒரு டிஸ்க்குக்காகப் போகத் தேவையில்லை. உள்ளூர் விலையையும் வெளியூர் விலையையும் ஒப்பிட்டால், இரண்டிலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 'பில் வேண்டாம்னா குறைச்சுக்கலாம்' என்ற விலை வாரன்டி இல்லாத விலை. பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுக்குமுன் அந்த எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் தட்டி, வாரன்டி எந்தத் தேதி வரை என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். உள்ளூர்க் கடையில் வாங்கினாலும் பழுதுக்குச் சரக்கு வெளியூர் சேவை மையத்துக்குப் போய் வரலாம். அதுவரை மாற்று டிஸ்க் தருவார்களா என்று இப்போதே கேட்டுக்கொள்ளலாம். வாரன்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருக்கும் போட்டோவுக்கு இல்லை.

புது ஹார்ட் டிஸ்க்கை வீட்டில் செருகியதும் பவர் ஆன் ஹவர்ஸ் பாருங்கள். ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். அந்த எண்ணையே பூஜ்யமாக்கிப் பழைய சர்வர் டிஸ்க்குகளைப் புதிதென்று விற்றது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் அம்பலமானது. எனவே தயாரிப்புத் தேதியையும் திருகு துளைகளில் தேய்மானத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆன்லைனில் அடிமாட்டு விலையில் வரும் 16 டிபி வெளிப்புற எஸ்எஸ்டி எதுவும் உண்மையில்லை: திறந்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும். சந்தேகம் வந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டி முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

கழற்றிய பழைய டிஸ்க் ஆரோக்கியமாக இருந்தால், 2.5 அங்குலம் என்றால் ஒரு யூஎஸ்பி உறை, 3.5 அங்குலம் என்றால் தனி அடாப்டரோடு வரும் உறை. நகல் எடுக்கும் டிஸ்க் தயார். ஓடிக்கொண்டிருக்கும்போது தூக்காதீர்கள், நிறுத்தி, அரை நிமிடம் விட்டுத் தூக்குங்கள். விற்பதாகவோ எடைக்குப் போடுவதாகவோ இருந்தால் க்விக் ஃபார்மட்டை நம்பாதீர்கள், அது முகப்புப் பலகையை மட்டும்தான் அழிக்கிறது. ஃபார்மட் பெட்டியில் க்விக் என்ற டிக்கை எடுத்துவிட்டால் முழுவதும் பூஜ்யம் எழுதும். 1 டிபிக்கு இரண்டு மணி நேரம் போல ஆகும், இரவில் ஓட விட்டுவிடலாம். செத்துப்போய் எதுவும் எழுத முடியாத டிஸ்க்கா? மூடியில் இருக்கும் நட்சத்திரத் திருகுகளைக் கழற்றித் தட்டை வெளியே எடுத்துக் கீறிவிட்டுப் போடுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, தெறிக்கும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.